பத்திரமாக வைத்த பாட்டுப் பெட்டி

(சாத்தத்தில் வாசிப்பு வட்டத்தில் பேசியது)



பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். நான் கொண்டு வந்திருப்பவை சின்னச் சின்னப் பொருட்கள். தூரத்தில் இருந்தால் தெரியாது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர். முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலை. இப்போது செல்போனும் பார்க்கிறேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். அதனால் அதையும் எடுத்து வந்துவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, எந்தப் பெட்டி வாங்கினால் ரொம்ப நாள் உழைக்கும்?" கையில் எடுத்துப் போகிற பாட்டுப் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். முன்பு டிரான்சிஸ்டர் கேட்டார்கள். பிறகு வாக்மேன் கேட்டார்கள். இப்போது சின்ன ஸ்பீக்கர் கேட்கிறார்கள். பெட்டி மாறியது. கேள்வி மாறவில்லை.

இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். அவரும் நம்மைப் போல இந்தப் பக்கத்துக்காரர்தான்.

ஒரு மழைக்காலம். அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு கடைக்கு வந்தார். பைக்குள் இன்னொரு பை. அதற்குள் ஒரு துண்டு. துண்டுக்குள் ஒரு டேப் பெட்டி. உள்ளங்கை அளவு. கூடவே ஒரு கேசட்.

"தம்பி, இது பாட மாட்டேங்குது" என்றார்.

"என்ன ஆச்சு அக்கா? கீழே விழுந்ததா?"

"ஐயோ, விழவே இல்லை. நான் தொடவே இல்லை. டிரங்குப் பெட்டியில பத்திரமா வெச்சிருந்தேன். பதினஞ்சு வருஷமா அப்படியே இருக்கு."

நான் பெட்டியைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். பேட்டரிக் கட்டை உள்ளேயே இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கேசட்டில் என்ன இருந்தது தெரியுமா? சினிமாப் பாட்டு இல்லை. அக்காவுடைய அம்மாவின் பேச்சு.

இளையவர்களுக்கு இது புதிதாக இருக்கும். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் இன்னொருவர் காலில் விழ வேண்டும். நாம் சொல்வதை அவர் எழுதுவார். வந்த கடிதத்தையும் அவரே படிப்பார். வீட்டுச் சண்டை, கடன், நோய் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். சிலவற்றைச் சொல்லவே முடியாது.

கேசட் வந்த பிறகு ஒரு வழி பிறந்தது. அதில் பேசி அனுப்பினார்கள். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் இப்படி நிறையச் செய்தார்கள். நம் தீவிலும் செய்தார்கள். மெட்ராசிலிருந்து கப்பல் வர மூன்று நாள். ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவர் கையில் கேசட்டைக் கொடுத்து விடுவார்கள். அங்கே அம்மா கேட்பார். பிறகு அதே கேசட்டில் அம்மா பேசி அனுப்புவார். அப்படி வந்ததுதான் அக்காவின் கேசட். 1988-இல் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை.

அக்காவிடம் அம்மாவின் போட்டோ கூடக் கிடையாது. இந்தக் குரல் ஒன்றுதான் உண்டு.

சரி. பெட்டி ஏன் கெட்டது? விழவில்லை, தொடவில்லை, தண்ணீரில் போடவில்லை. பிறகு என்ன ஆயிற்று?

நாம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாத்தம் ஒரு தீவு. பாலத்தைத் தாண்டினால்தான் ஹாடோ. போர்ட் பிளேர் என்று நாம் சொல்லி வந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். என் நாக்குக்கு இன்னும் பழகவில்லை. பெயர் மாறினாலும் காற்று மாறவில்லை. நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் கடல். வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம்தான்.

சமையலறையில் உப்பு ஜாடியைப் பாருங்கள். மழைக்காலத்தில் உப்பு என்ன ஆகிறது? தண்ணீர் விட்டுக் கொள்கிறது. நாம் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்து உப்பே ஈரத்தை இழுத்துக் கொள்கிறது.

கடல் காற்றிலும் உப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அந்த உப்பு பாட்டுப் பெட்டிக்குள் போய் உட்காருகிறது. உட்கார்ந்த இடத்தில் ஈரத்தை இழுக்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறும். பித்தளைக் குத்துவிளக்கில் பார்க்கிறோமே, அதே களிம்புதான். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். முடி போன்ற செம்புக் கம்பியை எப்படித் தேய்ப்பது? களிம்பு ஏறி ஏறிக் கம்பியே அறுந்துவிடும்.

சாத்தத்தில் இன்னொன்றும் உண்டு. மரம் அறுக்கும் மில். 1883-இல் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய மில்களில் ஒன்று என்று பெயர். மில்லில் வேலை பார்த்தவர்கள் ரேடியோ கொண்டு வருவார்கள். திறந்தால் உள்ளே சிவப்பாகத் தூள் இருக்கும். படாக் மரத்தூள். எண்ணெய் போட்ட இடத்தில் எல்லாம் அது மாவு போல அப்பிக் கொள்ளும். தூள் ஈரத்தைக் குடிக்கும், பிறகு கெட்டிப்படும். ஒரு ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகை அசைக்கவே முடியவில்லை. அதைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. அந்த ஐயா அதற்குள் நாலு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அக்காவின் பெட்டிக்கு வருவோம்.

பின்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு கட்டை. இரண்டும் உப்பி வெடித்திருந்தன. வெள்ளையாகப் பொங்கி ஸ்பிரிங்கை மூடியிருந்தது. ஒரு ஸ்பிரிங் தொட்டதும் பொடியாகிவிட்டது.

கட்டை ஏன் இப்படி ஒழுகுகிறது? சாதாரணக் கட்டையின் கூடு துத்தநாகத் தகடு. நடுவில் கரிக்குச்சி. சின்ன வயதில் நாம் உடைத்து எடுத்து விளையாடியிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பசை. கட்டை மின்சாரம் கொடுக்கும்போது அந்தத் துத்தநாகக் கூடே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. விறகு எரிந்தால்தானே தீ வரும்? அதுபோலக் கூடு கரைந்தால்தான் மின்சாரம் வரும். முழுக்கக் கரைந்த இடத்தில் ஓட்டை விழும். பசை வெளியே வரும்.

"பெட்டியை அணைத்துத்தானே வைத்தேன்?" என்று அக்கா கேட்டார். அணைத்து வைத்தாலும் கரையும். மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். பதினைந்து வருடத்தில் கரையாமல் இருக்குமா?

பெட்டி வாங்கிய கடையில் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. கூடவே ஒரு காகிதம் கொடுத்திருப்பார்கள். அதில் எழுதியிருந்திருக்கும். அக்காவுக்கு அப்போது படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களும் அந்தக் காகிதத்தைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது பெல்ட். இதோ பாருங்கள், கையில் வைத்திருக்கிறேன். வளையல் அளவு ரப்பர் வளையம். தையல் மெஷினில் பெரிய சக்கரத்திலிருந்து சின்னச் சக்கரத்துக்கு ஒரு பெல்ட் போகிறதல்லவா? அதே வேலைதான். மோட்டார் சுற்றினால் பெல்ட் சுற்றும். பெல்ட் சுற்றினால் கேசட் சுற்றும். ஓடிக்கொண்டே இருந்தால் ரப்பர் வளைந்து நிமிர்ந்து ஒரு நிதானத்தில் இருக்கும். ஓடாமல் நின்றால் நின்ற இடத்தில் மடிப்பு விழும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் சில ரப்பர் உருகித் தார் போல ஆகிவிடும். அக்காவின் பெட்டியில் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புப் பிசின்தான் இருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அரை நாள் துடைத்தேன். கை இரண்டு நாள் கறுப்பாகவே இருந்தது.

பிறகு அந்தப் பிளாஸ்டிக் பை. ஈரம் உள்ளே போகக்கூடாது என்றுதான் அக்கா சுற்றி வைத்தார். ஆனால் சுற்றியது மழைக்காலத்தில். பைக்குள் இருந்த காற்றே ஈரக் காற்று. அந்த ஈரம் வெளியே போக வழி இல்லை. துண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொண்டது.

இப்போது சொல்லுங்கள். பெட்டியைக் கெடுத்தது எது? பத்திரமாக வைத்ததுதான் கெடுத்தது.

நான் பார்த்த வரையில் நம் ஊரில் இதுதான் நடக்கிறது. டீக்கடையில் தினமும் பாடிய பெட்டிகள் இருபது வருடம் உழைத்திருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு, புகை, ஈ எல்லாம் இருக்கும். உள்ளே பார்த்தால் துரு குறைவு. ஏன்? ஓடும் பெட்டி லேசாகச் சூடாகும். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். கட்டை தீர்ந்தால் உடனே மாற்றுவார்கள். அதனால் கட்டை உள்ளே கிடந்து ஒழுகாது. பெல்ட் சோம்பி நிற்காது. கல்யாணச் சீராக வந்தது என்று பூட்டி வைத்த பெட்டிகள்தான் என்னிடம் பிணமாக வருகின்றன.

விழுந்தால் உடையும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். விழுந்த பெட்டியைப் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். மூடி உடையும், ஒரு கம்பி விடும். களிம்பு ஏறிய பெட்டியைச் சரி செய்வது கஷ்டம். இன்று ஒரு கம்பியைச் சரி செய்தால் நாளைக்கு இன்னொன்று அறுகிறது.

இந்தப் பெட்டிகள் எப்போது வந்தன என்று ஒரு பையன் கேட்டான். சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் எடுத்துப் போகும் டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கேசட்டைப் பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டு வந்தது. 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி கம்பெனி வாக்மேனை விற்கத் தொடங்கியது. இரண்டு கட்டை, ஒரு ஹெட்போன், நடந்துகொண்டே பாட்டு. உலகமே வாங்கியது. 2010-இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் செய்வதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். வாக்மேன் என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். நம் ஊரில் எல்லாப் பெட்டிக்கும் அதே பெயர்தான். அக்காவின் பெட்டியும் சோனி இல்லை. அதில் எந்தப் பெயரும் இல்லை.

இனிக் கேசட்டைப் பார்ப்போம். அக்காவுக்கு அதுதான் முக்கியம். பெட்டி போனால் வேறு பெட்டி கிடைக்கும்.

கேசட்டுக்குள் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பழுப்பாக ஒரு பூச்சு. அந்தப் பூச்சு என்ன? இரும்புத் துருவின் இனம். ஆமாம், சிரிக்காதீர்கள். பெட்டியைத் தின்கிற துருவின் உறவுக்காரனைத்தான் நாடாவில் பூசிப் பாட்டு எழுதுகிறார்கள். அந்தத் தூளில் ஒவ்வொரு துளியும் சின்னக் காந்தம். பேசும்போது அந்தக் காந்தங்கள் வரிசை மாறி நிற்கும். பிறகு ஓட்டும்போது அந்த வரிசையை ஹெட் என்கிற பாகம் படிக்கும். நாம் எழுத்தைப் படிப்பது போல. அதனால்தான் ஸ்பீக்கர் பக்கத்தில் கேசட்டை வைக்காதீர்கள் என்கிறேன். ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கிறது. அது இந்த எழுத்தை அழித்துவிடும்.

ஒரு மணி நேரக் கேசட்டில் நாடாவின் நீளம் சுமார் 90 மீட்டர். கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினெட்டு பங்கு. தலைமுடியை விட மெல்லியது. இரண்டு மணி நேரக் கேசட் என்றால் அதிலும் பாதிக் கனம்தான். அதனால் அது சீக்கிரம் இழுபடும், சிக்கும். நிறைய நேரம் ஓடுகிறதே என்று ஆசைப்பட்டு அதை வாங்கியவர்கள் பிறகு என்னிடம் வந்தார்கள்.

அக்காவின் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சன்னல் வழியாக நாடாச் சுருள் தெரிந்தது. ஓரம் எல்லாம் வெள்ளைப் புள்ளி. பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியில், தோல் செருப்பில் வருவதுதான்.

"போட்டுப் பார்க்கலாமே தம்பி" என்று அக்கா அவசரப்பட்டார். கடையில் நல்ல டேப் ஒன்று இருந்தது. நான் போடவில்லை. பூஞ்சணம் இருக்கும் கேசட்டை அப்படியே ஓட்டக் கூடாது. அது ஹெட்டில் ஒட்டும். அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும். நாடா ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தால் இழுக்கும்போது பூச்சு உரிந்துவிடும். பூச்சு உரிந்தால் குரல் போயிற்று. அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

நான் இப்படி நிதானமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சொல்ல வெட்கம்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் தன் மகன் பேசிய கேசட்டைக் கொண்டு வந்தார். மகன் கப்பலில் வேலை செய்தவன். பெட்டியைச் சரி செய்து பார்க்கும் அவசரத்தில் பாடும் பட்டனோடு சிவப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டேன். சிவப்புப் பட்டன் பதிவு செய்வதற்கு. நான் கவனிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. மகன் பேச்சுக்கு நடுவில் என் கடைச் சத்தம். ஸ்டூல் நகரும் சத்தம், நான் இருமுகிற சத்தம். பெரியவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக் கொண்டேன். கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன நாக்குப் போல இரண்டு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். இதோ, கையால் தடவிப் பாருங்கள். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் பதிவு செய்ய முடியாது. சிவப்புப் பட்டன் அமுங்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நாக்கு. முக்கியமான கேசட் கடைக்கு வந்தால் கேட்டுவிட்டு முதலில் நாக்கை உடைப்பேன். மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்றால் அந்த ஓட்டையை ஒரு துண்டு டேப்பால் ஒட்டினால் போதும்.

அக்காவின் கேசட்டை ஒரு வாரம் மூடிய டப்பாவில் வைத்தேன். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டேன். புதுச் செருப்பு டப்பாவில், மருந்து டப்பாவில் சின்னப் பொட்டலம் வருமே, அதுதான். தூக்கிப் போடாதீர்கள். அது ஈரத்தைக் குடிக்கும். பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஈரம் போனால் பூஞ்சணம் காய்ந்து தூளாகிவிடும்.

பிறகு கேசட்டின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றினேன். மூக்கில் துணி கட்டிக் கொண்டேன். அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதில்லை. நாடாவை மெதுவாகக் கையால் சுற்றினேன். சுற்றும்போது மெல்லிய துணியில் அது உரசிப் போகும்படி பார்த்துக் கொண்டேன். 90 மீட்டர். சில இடத்தில் ஒட்டியிருந்தது. அங்கே நிறுத்தி, பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் விட்டேன். உள்ளே ஒரு சின்னக் கம்பளித் துண்டு உண்டு. அதுதான் நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கும். அதன் பசை காய்ந்து கீழே விழுந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். வேறொரு காலிக் கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றினேன். அந்தக் கூட்டில் துண்டு நன்றாக இருந்தது.

பெட்டியை நான் சரி செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். "அக்கா, இந்தப் பெட்டி முடிந்தது. இதற்குச் செலவு செய்யாதீர்கள்." என் பழைய டேப் ஒன்றில்தான் கேசட்டை ஓட்டினேன்.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? எந்தப் பெட்டி உழைக்கும்?

கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்குரூ இருக்கிறதா? ஸ்குரூ இருந்தால் திறக்கலாம். திறக்க முடிந்தால் துடைக்கலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒருமுறை கெட்டால் குப்பைதான். அடுத்து, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். இப்போது வருகிற ஸ்பீக்கரிலும் போனிலும் லித்தியம் பேட்டரி. அது ஒழுகுவது அபூர்வம். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. சுமார் 500 முறை முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு தெம்பு குறையத் தொடங்கும். பேட்டரியை மாற்ற முடியாத பெட்டி என்றால் பேட்டரியின் ஆயுள்தான் பெட்டியின் ஆயுள். காதில் சொருகும் கம்பியில்லாத சின்னக் குமிழ்கள் இருக்கின்றனவே, அவற்றை நான் தொடுவதே இல்லை. உள்ளே போக வழி கிடையாது. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

பழைய பாட்டு நிறைந்த பெட்டி ஒன்று 2017-இல் வந்தது, சரிகம கம்பெனியின் கார்வான். தமிழ்ப் பாட்டிலும் வந்தது. வயதானவர்கள் விரும்பி வாங்கினார்கள். திருகைத் திருகினால் பாட்டு, அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. கண் தெரியாத கிழவிக்கும் திருகு புரியும்.

கட்டை போடும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஒரு வாரம் பாடாது என்று தெரிந்தால் கட்டையைக் கழற்றி வெளியே வையுங்கள். பழைய கட்டையும் புதுக் கட்டையும் சேர்த்துப் போடாதீர்கள். பழையது சீக்கிரம் ஒழுகும். ஒழுகியிருந்தால் காய்ந்த துணியால் முதலில் துடைக்க வேண்டும். சாதாரணக் கட்டை என்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். அல்கலைன் என்று எழுதிய கட்டை என்றால் எலுமிச்சைச் சாறு. ஒன்று புளிப்பு, ஒன்று காரம். அதனால் மருந்தும் மாறுகிறது. பிறகு ஸ்பிரிங்கை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

பாம்பூ பிளாட் படகில் போகும்போது பெட்டி கடலில் விழுந்து எடுத்தவர்களும் வந்திருக்கிறார்கள். ஒருவர் அதை அரிசிக்குள் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கொண்டு வந்தார். அரிசி தண்ணீரை எடுத்தாலும் உப்பை எடுக்காது. கடல் தண்ணீரில் விழுந்தால் உடனே கட்டையைக் கழற்றுங்கள். பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். ஸ்குரூ உள்ள பெட்டியைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் நல்ல தண்ணீரை விட உப்புதான் எமன். அலசிவிட்டு நிழலில், காற்றில், நாலைந்து நாள் நன்றாகக் காய வையுங்கள். லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கும் போனுக்கு இதைச் செய்யாதீர்கள். அதை அணைத்துவிட்டு உடனே கொண்டு வாருங்கள்.

இப்போது அக்கா வந்த நாளைச் சொல்கிறேன்.

கேசட்டைப் போட்டேன். முதலில் இரைச்சல். பிறகு ஒரு சேவல் கூவியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அம்மா பேசினார். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மழை இல்லை என்றார். ஆடு இரண்டு குட்டி போட்டது என்றார். "நீ எப்ப வர்றே" என்று கேட்டார். நடுவில் நாலைந்து இடத்தில் குரல் மங்கியது. அந்த இடங்களில் பூச்சு போய்விட்டது. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐந்து நிமிடம் ஆனதும் அக்கா, "நிறுத்து தம்பி" என்றார். "மீதியை வீட்டுல கேட்டுக்கிறேன்."

நான் அதை முழுவதும் ஓடவிட்டு அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவருடைய மகன் போனிலும் ஏற்றினேன். ஒரு மெமரி கார்டிலும் போட்டேன். மூன்று இடம். மெமரி கார்டும் சாகும். திடீரென்று சாகும், முன்னால் இருமிக் காட்டாது. கேசட்டாவது மங்கி மங்கிச் சொல்லிவிட்டுப் போகும். அதனால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் ஓடுகிறதா என்று போட்டுக் கேளுங்கள்.

அக்கா பெட்டியையும் திருப்பி வாங்கிக் கொண்டார். "செத்த பெட்டி எதுக்கு அக்கா?" என்றேன். "அம்மா பேசின பெட்டி" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. கட்டை இல்லாமல்தான் கொடுத்தேன்.

போகும்போது கேசட் மேல் இருந்த வெள்ளைத் தாளைக் காட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னிடம் பென்சில் வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, தன் அம்மா பெயரை எழுதினார். கடைசி எழுத்து இடம் போதாமல் ஓரத்தில் இறங்கியது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 1988 என்று போட்டார்.

பெட்டி, பெல்ட், ஒழுகிய கட்டை எல்லாம் இந்த மேசை மேல் இருக்கின்றன. பக்கத்தில் வந்து பாருங்கள். கட்டையை மட்டும் கையால் தொடாதீர்கள். யாராவது வீட்டிலிருந்து பழைய பெட்டி கொண்டு வந்திருந்தால் எடுங்கள். இப்போதே திறந்து பார்ப்போம்.